எச்சிலில் ஜிஞ்சிபெய்ன் நொதியைப் பிடிப்பது எப்படி? கேம்ப் முதல் பிளேட் ரீடர் வரை முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் வலை பிரித்துத் தைக்கிறவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், நண்டு மாட்டிய வலை எது என்று நமக்கே தெரிந்துவிடும். மாட்டிய நண்டு சும்மா இருக்காது, கொடுக்கால் நூலை அறுத்துவிடும். எச்சிலில் ஜிஞ்சிபெய்ன் தேடும் வேலையும் அப்படித்தான். நாம் பிடிக்கப்போவது ஈறு நோய்க் கிருமி ஒன்று சுரக்கும், புரதத்தை வெட்டும் நொதி. பிடிக்க நாம் விரிக்கும் வலை ஆன்டிபாடி, அதுவும் ஒரு புரதம். வெட்டுகிற வாயை முதலில் கட்டாமல் வலையை விரித்தால் வலை கிழியும். இந்தச் சோதனையில் பாதிப் பேர் தோற்பது பிளேட்டில், அதாவது குழிகள் உள்ள சோதனைத் தட்டில் இல்லை. அதற்கு முன்னால், எச்சில் குழாய்க்குள் விழுந்த முதல் சில நிமிடங்களில்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் எலைசா (ஆன்டிபாடியால் பிடித்து, நிறத்தால் அளக்கும் சோதனை) வேலை பார்க்கிறேன். டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு) முடித்து வருகிறவர்களுக்கும் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் இப்போது எழுதிவைக்கிறேன். இது ஆய்வுக்கான முறை. நோயாளிக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்லும் சோதனை இல்லை. ஏன் இல்லை என்பது கடைசியில் வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

எதைத் தேடுகிறோம்

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்பது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பையில், காற்று படாத இடத்தில் வாழும் பாக்டீரியா. நாள்பட்ட ஈறு நோயில் முக்கியப் பங்கு இதற்குத்தான். இது சுரக்கும் ஜிஞ்சிபெய்ன்கள் மூன்று: ஆர்ஜிபி-ஏ, ஆர்ஜிபி-பி, கேஜிபி. முதல் இரண்டும் புரதச் சங்கிலியில் அர்ஜினின் இருக்கும் இடத்துக்கு அடுத்து வெட்டும், மூன்றாவது லைசினுக்கு அடுத்து வெட்டும்.

புற்றுநோயோடு என்ன தொடர்பு? வாய்ப் புற்று செல்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஜிஞ்சிபெய்ன்கள் எம்.எம்.பி-9 என்ற நம் உடலின் நொதியைத் தூங்கும் நிலையிலிருந்து எழுப்பிவிடுவதும், அதனால் புற்று செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவது கூடுவதும் தெரிந்தது. இதன் கூட்டாளியான ட்ரெபோனிமா டென்டிகோலாவின் கைமோட்ரிப்சின் வகை நொதியை ஹெல்சிங்கி, கரோலின்ஸ்கா குழுவினர் ஆன்டிபாடி கொண்டு தேடியபோது, வாயிலும் உணவுப்பாதையிலும் வந்த கட்டிகளுக்குள்ளேயே அது தென்பட்டது. 2018-இல் வெளியான ஆய்வு அது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் ஹெலிகோபாக்டர் பைலோரியை முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது. ஜிஞ்சிவாலிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. தொடர்பு இருக்கிறது, காரணம் இதுதான் என்ற தீர்ப்பு வரவில்லை.

எந்த ஆன்டிபாடி வாங்குவது

எலைசா 1971-இல் எங்வாலும் பெர்ல்மானும் கொடுத்தது, ஒரே வகை ஆன்டிபாடியை எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கும் வழி 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கொடுத்தது. இரண்டும் சேர்ந்ததுதான் நாம் செய்யப்போகும் சாண்ட்விச் முறை: ஒரு ஆன்டிபாடி பிளேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு நொதியைப் பிடிக்கும், இன்னொன்று மேலிருந்து வந்து அதை அடையாளம் காட்டும்.

கேட்லாக்கில் 'ஜிஞ்சிபெய்ன் ஆன்டிபாடி' என்று போட்டிருக்கிறதே என்று உடனே ஆர்டர் போடாதீர்கள். ஆர்ஜிபி-ஏ, கேஜிபி இரண்டுக்கும் வெட்டும் பகுதியோடு, ரத்த அணுக்களில் ஒட்டிக்கொள்ளும் பகுதி ஒன்றும் உண்டு. அந்த ஒட்டும் பகுதி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அந்தப் பகுதிக்கு எதிராக உருவான ஆன்டிபாடி எதைப் பிடித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆர்ஜிபி-பி-யில் அந்த ஒட்டும் பகுதி கிடையாது, சுமார் 50 கிலோடால்டன் எடையுள்ள வெட்டும் பகுதிதான் பெரும்பாலும். அதனால் தொடக்கத்துக்கு ஆர்ஜிபி-பி-யைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதன் வெட்டும் பகுதி ஆர்ஜிபி-ஏ-யின் வெட்டும் பகுதியோடு மிக நெருங்கியது. ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பிடித்தால் அறிக்கையில் 'ஆர்ஜிபி' என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதல் கேள்வி, இரண்டு ஆன்டிபாடிகளும் நொதியின் வேறு வேறு இடங்களில் உட்காருகின்றனவா? ஒரே இடத்துக்கு இரண்டும் போட்டி போட்டால் சாண்ட்விச்சே அமையாது. அடுத்தது, வெட்டும் வாயைத் தடுப்பான் அடைத்த பிறகும் அந்த ஆன்டிபாடி நொதியை அடையாளம் காண்கிறதா? சில ஆன்டிபாடிகள் அந்த வாயிலேயே போய் உட்காருபவை. அவை நமக்கு ஆகாது.

எச்சில் சேகரிக்கும் கேம்ப்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளி எச்சில்கூட எடுக்கக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்து, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தயார் செய்யுங்கள். அச்சடித்த தமிழ் மட்டும் போதாது, எதிரில் உட்கார்ந்து வாயால் விளக்க வேண்டும்.

தடுப்பான் கரைசல்தான் முதல் தயாரிப்பு. ஜிஞ்சிபெய்ன்கள் சிஸ்டீன் வகை நொதிகள். ஆய்வகங்களில் வழக்கமாகப் போடும் பி.எம்.எஸ்.எஃப். என்ற தடுப்பான் இவற்றிடம் பலிக்காது. டி.எல்.சி.கே. என்ற தடுப்பான் ஆர்ஜிபி, கேஜிபி இரண்டின் வாயையும் நிரந்தரமாக அடைக்கும். 36.9 மில்லிகிராம் டி.எல்.சி.கே.யை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லியில் கரைத்தால் 100 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அமிலத்தில் கரைப்பதற்குக் காரணம் உண்டு, நடுநிலையான நீரில் அது சிதைந்துகொண்டே போகும். எனவே கேம்ப் நாள் காலையிலேயே கரையுங்கள், நேற்றையது வேண்டாம். 2 மில்லி குழாய்களில் 10 மைக்ரோலிட்டர் வீதம் போட்டு ஐஸில் வையுங்கள். 1 மில்லி எச்சில் சேர்த்தால் 1 மில்லிமோலார் ஆகும். டி.டி.டி., சிஸ்டீன் போன்றவை கலந்த பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அவை இந்த நொதிகளை இன்னும் முறுக்கேற்றிவிடும்.

இப்போது சொல்வதைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆட்கள் துப்புகிற குழாயில் டி.எல்.சி.கே. இருக்கக் கூடாது. அது நச்சு. சுத்தமான காலிக் குழாயில் எச்சில் வாங்கி, அதிலிருந்து 1 மில்லியை நாம் பிப்பெட்டால் எடுத்துத் தடுப்பான் குழாய்க்கு மாற்ற வேண்டும்.

வருகிறவர்கள் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. டீ, வெற்றிலை, மாவா எதுவும் போட்டிருக்கக் கூடாது. அப்போதுதான் பல் துலக்கிவிட்டு வந்தால் ஈறு கசியும், ரத்தம் கலக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து ஆட்கள் ஓய்வதற்கே காலை நேரம் நன்றாக ஏறிவிடும், டீ குடிக்காமல் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களை விரட்டாதீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

தலையைக் கொஞ்சம் குனிந்து, வாயை அசைக்காமல், எச்சில் தானாக ஊறி வழியும்படி ஐந்து நிமிடம். காறித் துப்பச் சொன்னால் சளி வரும், அது வேறு பொருள். எச்சில் விழுந்து முடிந்த இரண்டு நிமிடத்துக்குள் தடுப்பான் குழாய்க்கு மாற்றி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸில் புதையுங்கள்.

ஐஸுக்குக் காசிமேட்டில் பஞ்சமே இல்லை. மீன் பெட்டிக்கு உடைத்துப் போடுகிற அந்தத் தூள் ஐஸ், குழாயைச் சுற்றி நெருக்கமாக உட்காரும், பெரிய கட்டி ஐஸை விட எவ்வளவோ மேல். ஆனால் தெர்மகோல் பெட்டி நம்முடையதாக இருக்கட்டும், குழாய்களை ஜிப் பையில் மூடிவையுங்கள். உருகிய ஐஸ் நீர் மூடிக்குள் கசிந்தால் அந்த மாதிரி வீண்.

சரி, இவ்வளவு கெடுபிடி எதற்கு? வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, தடுப்பான் இல்லாமல் எடுத்த நாற்பது மாதிரிகளை என்னிடம் கொடுத்தார்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டி மாட்டி, பெட்டிக்குள் ஐஸ் உருகி, மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஈறு நோய் முற்றியவர்களின் எச்சிலில்தான் அளவு அதிகம் வர வேண்டும். அந்தக் குழிகள்தான் வெளிறிக் கிடந்தன. நொதி குறைவாக இருந்ததால் அப்படி வந்தது என்று முதலில் நம்பிவிட்டோம். பிறகு பிளேட்டில் ஒட்டும் ஆன்டிபாடியை அந்த எச்சிலோடு ஒரு மணி நேரம் வைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். 50, 25 கிலோடால்டனில் தெளிவாக நிற்க வேண்டிய இரண்டு பட்டைகளும் மங்கி, கீழே துண்டுகளாகச் சிதறியிருந்தன. கேஜிபி மனித ஐ.ஜி.ஜி-1 ஆன்டிபாடியை அதன் கழுத்துப் பகுதியில் ஒரே இடத்தில் கச்சிதமாக வெட்டும். இந்தக் குணத்துக்காகவே அதை ஆய்வகங்களுக்கு வெட்டுக் கத்தியாக விற்கிறார்கள். அந்த நாற்பது பேரின் எச்சில் வீணானது இன்னும் எனக்கு வருத்தம்தான். அவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள்.

தடுப்பான் வேலை செய்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பி.ஏ.பி.என்.ஏ. என்ற பொருளை ஆர்ஜிபி வெட்டினால் மஞ்சள் நிறம் வரும், 405 நானோமீட்டரில் அளக்கலாம். தடுப்பான் சேர்க்காத கொஞ்சம் எச்சிலையும் சேர்த்ததையும் பக்கத்துப் பக்கத்தில், சிஸ்டீன் உள்ள பஃபரில் வையுங்கள். சேர்த்த குழி நிறம் மாறாமல் இருந்தால் வாய் கட்டப்பட்டது என்று அர்த்தம். இந்த வேலைக்கு மட்டும் சிஸ்டீன் அனுமதி. எலைசாவுக்குப் போகும் குழாயில் அது வேண்டாம்.

ஆய்வகத்துக்கு வந்ததும்

குளிர் சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஜி, 10 நிமிடம். மேலே தெளிந்ததை எடுத்துக்கொண்டு அடியில் உள்ளதைக் கொட்டிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஜிஞ்சிபெய்னில் பெரும்பகுதி பாக்டீரியாவின் வெளிச்சவ்விலேயே ஒட்டியிருக்கும். கொஞ்சம், சவ்விலிருந்து மொட்டு விட்டுப் பிரிந்த நுண்குமிழ்களில் மேலே மிதக்கும். அடியில் உள்ளதைக் கொட்டினால் பெரும் பங்கைச் சாக்கடையில் விடுகிறோம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதியை 0.5 சதவீத ட்ரைட்டானும் (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) புதிய டி.எல்.சி.கே.யும் உள்ள பி.பி.எஸ். பஃபரில் கரைத்து, ஐஸில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி சுற்றி, தெளிந்ததை எடுங்கள். பிளேட்டுக்குப் போகும்போது பத்து மடங்கு நீர்த்துவிடுவோம், அப்போது ட்ரைட்டான் 0.05 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஆன்டிபாடியைப் பாதிக்காது. சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். கரண்ட் போய்வரும் பகுதி என்றால் ஃப்ரீசரின் உச்ச வெப்பநிலையைப் பதிவுசெய்யும் மானி கட்டாயம் வேண்டும்.

பிளேட்

முதல் நாள் மாலை: பிடிக்கும் ஆன்டிபாடியை பி.எச். 9.6 கார்பனேட் பஃபரில் மில்லிக்கு 2 மைக்ரோகிராமாகக் கரைத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். 96 குழிக்கு சுமார் 10 மில்லி, அதாவது 20 மைக்ரோகிராம் ஆன்டிபாடி. மூடி, 4 டிகிரியில் இரவு முழுக்க.

மறுநாள் காலை, 0.05 சதவீத ட்வீன் (இதுவும் சோப்பு போன்றதே) கலந்த பி.பி.எஸ்.ஸால் மூன்று முறை, குழிக்கு 300 மைக்ரோலிட்டர் கழுவல். தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு, மெட்ரோ தண்ணீரில் குளோரின், கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தான். அயனி நீக்கிய நீரில்தான் பஃபர் போட வேண்டும். கழுவியபின் பிளேட்டைக் கவிழ்த்து, மடித்த டிஷ்யூ அடுக்கின் மேல் தட்ட வேண்டும். 'டப் டப்' என்று அழுத்தமான சத்தம் வர வேண்டும். டிஷ்யூவில் 96 ஈரப் பொட்டுகள் ஒரே அளவில் விழுந்தால் கழுவல் சீர். ஒரு மூலையில் பெரிய பொட்டாக இருந்தால் அந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறது, இன்னொரு தடவை தட்டுங்கள்.

பிறகு 1 சதவீத பி.எஸ்.ஏ. என்ற மாட்டுப் புரதம், ஒரு மணி நேரம் பிளாக்கிங், அதாவது குழியில் மிச்சமுள்ள வெற்றிடத்தை மூடுவது. பால் பவுடர் மலிவு என்று போடாதீர்கள். பாலில் பயோட்டின் உண்டு, நாம் கடைசியில் நம்பியிருப்பது ஒன்றோடொன்று இறுக ஒட்டும் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடினையும்தான்.

ஒப்பிட்டு அளக்க உதவும், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுக்குத் தூய ஆர்ஜிபி-பி. அதற்கும் முதலில் டி.எல்.சி.கே. போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாண்டர்டே ஆன்டிபாடியைத் தின்னும். மில்லிக்கு 50 நானோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாக 0.78 வரை ஏழு படிகள், எட்டாவது வெறும் பஃபர். மாதிரிகள் கரைந்திருக்கும் அதே நீர்த்தும் பஃபரில், அதே அளவு ட்ரைட்டானோடு. எட்டும் இரட்டைக் குழிகளில் 16. கட்டுப்பாடுகள் நான்கு, இரட்டையாக 8: நொதி உள்ளது என்று தெரிந்த எச்சில் கலவை, இல்லாத கலவை, அடையாளம் காட்டும் ஆன்டிபாடி சேர்க்காத குழி, பிடிக்கும் ஆன்டிபாடிக்குப் பதில் சாதாரண எலி ஐ.ஜி.ஜி. பூசிய குழி. மீதி 72 குழிகளில் 36 மாதிரிகள்.

கடைசி இரண்டு கட்டுப்பாடுகளைப் பலர் இடம் போகிறதென்று வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். எச்சிலுக்கே சொந்தமாக பெராக்ஸிடேஸ் உண்டு. ஈறிலிருந்து வரும் வெள்ளணுக்களிலும் உண்டு. ரத்தத்து ஹீமோகுளோபினும் அதே வேலையைச் செய்யும். நம் நிறமூட்டியோ பெராக்ஸிடேஸைப் பார்த்தால் நீலமாவது. மூன்றாவது கட்டுப்பாடு நிறம் காட்டினால் கழுவல் போதவில்லை. நான்காவது காட்டினால், அந்த ஆளின் எச்சிலில் உள்ள ஏதோ ஆன்டிபாடி நம் இரண்டு ஆன்டிபாடிகளையும் நடுவில் நொதி இல்லாமலே பாலம் போட்டு இணைக்கிறது.

மாதிரி 100 மைக்ரோலிட்டர், இரண்டு மணி நேரம், ஐந்து கழுவல். பயோட்டின் ஏற்றிய, அடையாளம் காட்டும் ஆன்டிபாடி மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம், ஒரு மணி நேரம், கழுவல். ஸ்ட்ரெப்டாவிடின்-ஹெச்.ஆர்.பி. (ஹெச்.ஆர்.பி. என்பது நிறம் வரவைக்கும் பெராக்ஸிடேஸ்) அரை மணி நேரம், ஐந்து கழுவல். இந்த அளவுகள் தொடக்கப் புள்ளிதான், உங்கள் ஆன்டிபாடி ஜோடிக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்து நிலைநிறுத்துங்கள். எந்த பஃபரிலும் சோடியம் அசைடு இருக்கக் கூடாது, அது ஹெச்.ஆர்.பி.யைக் கொன்றுவிடும். மேஜையைத் துடைத்த ஹைப்போகுளோரைட் துளி குழியில் தெறித்தாலும் கெடும்.

புத்தகத்தில் 'அறை வெப்பம்' என்றால் 25 டிகிரி. மே மாதத்து வண்ணாரப்பேட்டை அறையை அப்படி எண்ணக் கூடாது. ஏ.சி. அறையில் செய்யுங்கள், ஆனால் காற்று நேரே படும் இடத்தில் பிளேட்டை வைக்காதீர்கள், ஓரக் குழிகள் காய்ந்து அளவு ஏறிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டும் தாளால் மூடுங்கள்.

டி.எம்.பி. என்ற நிறமூட்டியை ஊற்றி, இருட்டில் 15 நிமிடம். நீலம் மெல்ல எழும்பும். 1 மோலார் கந்தக அமிலம் 100 மைக்ரோலிட்டர் விட்டால் சட்டென்று மஞ்சளாகும். ஊற்றிய அதே வரிசையில் அமிலமும் விட வேண்டும். குமிழி இருந்தால் சுத்தமான ஊசி முனையால் உடைத்து, 15 நிமிடத்துக்குள் 450 நானோமீட்டரில் படியுங்கள், 570 நானோமீட்டரில் வரும் அளவை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ரீடருக்கு யு.பி.எஸ். இருக்கட்டும்.

டிப், பிளேட் எல்லாம் கிருமிநீக்கி, 2016 உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்குப் போக வேண்டும். எச்சிலில் காசநோய்க் கிருமியும் இருக்கலாம், ஆய்வகத்தில் முகக்கவசமும் பயோசேஃப்டி கேபினெட்டும் இல்லாமல் குழாயைத் திறக்காதீர்கள்.

எண்ணைப் படிப்பது

ஸ்டாண்டர்டு வளைவுக்கு நான்கு அளவுரு முறையை (S வடிவ வளைவைப் பொருத்தும் கணக்கு) போடுங்கள், நேர்கோடு பொருந்தாது. இரட்டைக் குழிகளுக்குள் வேறுபாடு 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள். வெறும் பஃபரின் சராசரியோடு அதன் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் கண்டறியும் அடிமட்டம். அதற்குக் கீழே வந்தால் பூஜ்யம் என்று எழுதாமல் 'அடிமட்டத்துக்குக் கீழ்' என்று எழுதுங்கள்.

முதல் தொகுப்பில் ஒவ்வொரு மாதிரியையும் 5, 10, 20 மடங்கு நீர்த்துப் பாருங்கள். 5 மடங்கில் 12 நானோகிராம், 10 மடங்கில் 6 வந்தால் இரண்டும் பெருக்கினால் 60, நம்பலாம். 5 மடங்கில் 5-உம் 20 மடங்கில் 3-உம் வந்தால், ஒன்று 25 என்கிறது, மற்றது 60 என்கிறது. எச்சிலில் ஏதோ மறைக்கிறது. பெரும்பாலும் அந்த நபரின் உடலே இந்தக் கிருமிக்கு எதிராகச் சுரந்த ஆன்டிபாடி நொதியின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது சளிப்புரதம். தெரிந்த அளவு நொதியை எச்சிலில் கலந்து அளந்து, 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவை யாரிடம், எப்படிச் சொல்வது

ஒரு கேம்பில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு ஆயா குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, இதுல கேன்சர் கீதான்னு தெரிஞ்சிடுமா?" 

"தெரியாது ஆயா. ஈறுல இருக்கிற ஒரு கிருமி எவ்ளோ வேலை செய்யுதுன்னுதான் பாக்குறோம்" என்றேன். 

"அப்போ எனக்கு இன்னா பிரயோஜனம்?" 

நியாயமான கேள்வி. ஈறு நோய் உள்ள ஏராளமானவர்களின் வாயில் இந்த நொதி இருக்கும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. புற்று உள்ள ஒருவருக்கு இது இல்லாமலும் போகலாம். ஆகவே தனிநபருக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் பயத்தையோ பொய்யான நிம்மதியையோதான் கொடுக்கிறோம். எண் ஆய்வுக் கோப்பிலேயே இருக்கட்டும்.

ஆனால் வாயைத் திறந்து பார்க்க எண் தேவையில்லை. அதனால் எச்சில் எடுக்கும் ஒவ்வொருவரையும் கேம்பிலேயே ஒரு பல் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்க்கும்படி நாங்கள் ஏற்பாடு வைத்துக்கொண்டோம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் எலைசாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சீட்டு எழுதி, கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்ப வேண்டும்.

அந்த ஆயாவின் இடது கன்னத்துக்குள், வெற்றிலை அடக்கும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அவருடைய குழாய் ஐஸுக்குப் போவதற்குள் சீட்டு எழுதி, மறுநாள் காலை கூட்டிப் போக அவர் மகளிடம் சொல்லிவிட்டோம்.